பார்வையாளர்: பூச்சியம்

ஆறு வருடமாக ஓசியில் சாப்பிட்ட நூற்றுச் சொச்சம் சொசேஜும் ஒன்றாகத் திரும்பி வந்து தொண்டைக்குழியில் நின்ற ஞாயிற்றுக்கிழமை அது.

ஞானசுந்தரம் அதிர்ச்சிக்குப் புதியவர் அல்லர். அகதி மனு மூன்று முறை நிராகரிக்கப்பட்டபோதும் நின்ற இடத்தில் நின்றவர். மகள் ஒருநாள் தலைமயிருக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டு வந்தபோது, கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கத்தினார். ஆனால் அன்றைக்கு, ஒரு பேஸ்போல் மைதானத்தில், தான் கதிரையில் இருக்கிறாரா நிலத்தில் விழுந்துவிட்டாரா என்பதைக் கையால் தடவிப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டியதாயிற்று.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பிறக்கிற பிள்ளை முதலில் அழும், பிறகு உதைபந்தாட்டக் கழகத்தில் சேரும். அப்படிப்பட்ட ஊரில் ஞானசுந்தரம் பேஸ்போல் ரசிகர். அதுவும் 'சுரங்கக் குதிரைகள்' என்ற அணிக்கு. தாங்கள் விளையாடுவது லீக்கின் ஐந்தாம் தட்டா ஆறாம் தட்டா என்பது அந்த அணிக்காரருக்கே சரியாகத் தெரியாது. கடைசி இடத்திலிருந்து கடைசிக்கு முதல் இடத்துக்கு ஏறினால் அந்த வருடம் பியர் கூடுதலாக ஓடும்.

இந்தப் பழக்கம் ஒரு பிழையில் தொடங்கியது. முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை முடிந்து ட்ராமில் வந்துகொண்டிருந்தவர், யன்னலுக்கு வெளியே வெள்ளைக் காற்சட்டை போட்ட ஆட்களையும் ஒரு மட்டையையும் கண்டார். கிரிக்கெட்! நெஞ்சு ஒருமுறை துள்ள, அடுத்த தரிப்பில் குதித்து இறங்கினார். போய் இருந்து அரைமணி நேரம் கழித்துத்தான் இது வேறு சாமான் என்று விளங்கியது. எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் பார்க்க வந்த ஒரே ஆள் இவர்தான். பாதியில் போனால் அவர்கள் மனம் நோகுமே என்று இருந்துவிட்டார். அன்று குதிரைகள் இருபத்திரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். தோற்றபிறகு ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள். இப்படித் தோற்கத் தெரிந்த மனிதர்களை ஞானசுந்தரம் அதுவரை கண்டதில்லை. அடுத்த ஞாயிறும் போனார்.

போகும்போது எப்படிப் போனார் என்பதுதான் இந்தக் கதையின் வில்லங்கம்.

ஜெர்மனியில் வீட்டுக்கு வெளியே கால் வைப்பதற்கு அவரிடம் ஒரு சீருடை உண்டு. ஸ்திரிக்கை போட்ட நீலச் சேட், மடிப்புக் குலையாத காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து, தோளில் தோல் பை, பைக்குள் கறுப்பு ஃபைல். வந்த புதிதில், அலுவலகத்தில் கேட்ட கடதாசி கேட்ட நேரத்தில் கையில் இல்லாவிட்டால் அடுத்த டெர்மின், அதாவது சந்திக்க நேரம், மூன்று மாதம் தள்ளித்தான் கிடைக்கும். அந்தப் பயத்தில் பிறப்புச் சான்றிதழிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை ஒரே ஃபைலில் போட்டு, பாண் வாங்கப் போனாலும் கொண்டுபோகத் தொடங்கினார். ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்துப் பதினெட்டு வருடமாகியும் நிறுத்தவில்லை.

"இஞ்சாருங்கோ, விளையாட்டுப் பாக்கப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்பார் மனைவி பாலாம்பிகை. "உந்த ஃபைலையாவது வைச்சிட்டுப் போங்கோவன். பந்து வந்து உங்களிட்ட விசா கேக்கப் போகுதோ?"

"உனக்கு விளங்காது."

"ஓம், விளங்காதுதான். விளங்கியிருந்தால் இந்தக் கலியாணத்துக்கு ஓமெண்டிருப்பனோ?"

இரண்டாம் ஞாயிறு, இவர் பந்து வெளியே போகாமல் கட்டிய வலைக்குப் பின்னால் நின்று ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கியதும், கழகத் தலைவர் கோவால்கே ஓடிவந்தார். வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வந்தார். கோவால்கே பேசுவது ரூர்ப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளரின் ஜெர்மன். முப்பத்து மூன்று வருடத்தில் அது ஞானசுந்தரத்தின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழப் பழகிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

"ஐயா, எல்லாம் சரியா இருக்குதுதானே?"

"எல்லாம் ஒழுங்கு" என்றார் ஞானசுந்தரம். ஜெர்மன்காரர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவர் வைத்திருந்த பதில் அது.

அடுத்த கிழமை அவருக்கென்று ஒரு கதிரை வந்தது. பிறகு கோப்பி வந்தது. பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடுகுச் சாந்து போட்ட இரண்டு சொசேஜ். இவர் போகிறபோக்கில் "வலையில ஒரு ஓட்டை இருக்கு" என்று சொன்னார். மற்றக் கிழமை வலை புதிது. "கக்கூஸ் கொஞ்சம் மணக்குது" என்றார். மற்றக் கிழமை கக்கூஸுக்கு வெள்ளை அடித்து, வாசலில் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார்கள். விளையாடுகிற பெடியள் இவருடைய பக்கம் வரும்போது பூசைக்கு வந்தவர்கள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு ரசிகனுக்கு இவ்வளவு மதிப்பா என்று ஞானசுந்தரம் பலமுறை கண் கலங்கியிருக்கிறார். பழி முழுக்கக் கடுகின்மேல் போனது.

"அங்க எனக்கிருக்கிற மரியாதை உன்ர தமையன் வீட்டில இல்லை" என்று மனைவியிடம் பெருமையடித்தார்.

"அவையள் சொசேஜ் தந்தவை. என்ர தமையன் தங்கச்சியைத் தந்தவர். எதை எதோட வைச்சுப் பாக்கிறியள்?"

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

செப்டெம்பர் மாதம். குதிரைகள் எட்டு, எதிரணி ஒன்பது. ஏழு சுற்று ஆட்டத்தில் ஆறு முடிந்திருந்தது. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால் ஞானசுந்தரத்துக்கு எழுத்துக் கோணலாக விழுந்தது. புல்லில் ஒரு இளம்பெண் இருந்தாள். அரைக் காற்சட்டை, மங்கிய ரீசேட், முழங்கையில் ஏதோ பச்சை குத்து, பக்கத்தில் சைக்கிள். தன்னுடைய சொசேஜைத் தானே வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் தமிழ் முகம். ஆரோ வீட்டுப் பிள்ளை, ஆரோ பெடியனுக்காக வந்திருக்குது, நாம் காணாததுபோல இருப்போம் என்று ஞானசுந்தரம் பெருந்தன்மையாக மற்றப் பக்கம் பார்த்தார்.

அப்போது மழை ஊற்றத் தொடங்கியது. நடுவர் கையைத் தூக்கினார். இரண்டு அணியும், கோவால்கேயும், கதிரையோடு ஞானசுந்தரமும், சொசேஜ் சுடுகிற கூடாரத்துக்குள் ஓடினார்கள். அந்தப் பெண்ணும் ஓடிவந்து, தலையைத் துடைத்துவிட்டு, ஒரு அட்டையை எடுத்துக் கோவால்கேக்குக் காட்டினாள்.

"நான் லவினியா. நகரசபை விளையாட்டுப் பிரிவு. ஆக்கள் இருந்து பாக்கக் கூரை போட்ட வாங்கு வேணுமெண்டு அன்ட்ராக் படிவம் குடுத்திருக்கிறியள். இடத்தைப் பாக்க வந்தனான்."

கோவால்கே அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஞானசுந்தரத்தைப் பார்த்தார். "உங்கட பிரிவு ஆள்தான் ஏற்கெனவே இஞ்ச இருக்கிறாரே."

"ஆர்?"

"இந்த ஐயா. ஆறு வருசமா வாறார்."

லவினியா ஞானசுந்தரத்தைத் தலையிலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்தாள். "எங்கட பிரிவில ரெண்டே ரெண்டு பேர். நானும் ஃப்ராவ் ஹென்சலும். ஃப்ராவ் ஹென்சலுக்கு மீசை இல்லை."

லவினியா தமிழுக்கு மாறினாள். "மாமா, நீங்கள் எந்தப் பிரிவு?"

"நான் குசினி, பிள்ளை."

"குசினியோ?"

"முதியோர் இல்லக் குசினி. ஞாயிறில லீவு."

அவள் அதை ஜெர்மனில் சொன்னாள். அங்கேதான் ஞானசுந்தரம் கதிரையைத் தடவிப் பார்த்தது.

கோவால்கேயின் முகம் முதலில் வெள்ளையானது, பிறகு சிவந்தது, பிறகு இரண்டுக்கும் இடையில் தீர்மானமில்லாமல் நின்றது. "குசினி" என்றார். "குசினி! ஐயா, உங்களுக்காக நாங்கள் கக்கூஸுக்கு வெள்ளை அடிச்சனாங்கள். பூச்சாடி வைச்சனாங்கள்! என்ர சொந்தச் சாடி. மனுசி இண்டைக்கும் தேடுறா."

"நான் கேக்கேல்லயே" என்றார் ஞானசுந்தரம்.

"மணக்குதெண்டு சொன்னியள்! கொப்பியில வேற எழுதினியள்! வலை, கதிரை, கோப்பி…" கோவால்கே விரல்விட்டு எண்ணி, விரல் காணாமல் நிறுத்தினார். "ஆறு வருசமா இஞ்ச ஒருத்தன் வாய் நிறையத் தூசணம் கதைச்சதில்லை. பேஸ்போல் விளையாடிக்கொண்டு தூசணம் கதைக்காமல் இருக்கிறதெண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பின்னால் நின்ற டெனிஸ் என்ற தடித்த வீரன் பெருமூச்சு விட்டான். தொழில் அவனுக்குக் குழாய் பொருத்துவது. அந்தப் பெருமூச்சில் ஆறு வருடக் கெட்டவார்த்தை இருந்தது.

லவினியா பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தாள். "எனக்கு விளங்காதது இதுதான். கூரை கேட்டிருக்கிறியள். ஆனால் பார்வையாளர் எத்தினை பேர் எண்ட இடத்தில பூச்சியம் போட்டிருக்கிறியள். ஆரும் வராத இடத்துக்கு ஆருக்குக் கூரை?"

"உவருக்குத்தான்!" என்று கோவால்கே கத்தினார். "மழையில நனைஞ்சு கோபத்தில ஏதும் எழுதிப்போட்டாரெண்டால் எண்டு! உங்கட ஆளெண்டு நினைச்சபடியால் பார்வையாளரில சேர்க்கேல்ல."

ஞானசுந்தரம் எட்டிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. படிவத்தில், நல்ல கையெழுத்தில், நிதானமாகப் போட்ட ஒரு பூச்சியம். சொசேஜ் போனால் போகட்டும், கதிரை போகட்டும். ஐம்பத்துச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை. மச்சானின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆலங்கட்டி மழையில் ஃபைலைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இந்த அணிக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகன் இருந்தான், அவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

"நான் பாக்கத்தான் வந்தனான்" என்றார். "வேற ஒண்டுக்குமில்லை. உங்களைப் பாக்க."

"அப்ப உந்தக் கொப்பி?" இது டெனிஸ். "அதில என்ன எழுதிக்கொண்டிருந்தனீங்கள்?"

ஞானசுந்தரம் கொப்பியை மடியில் அமுக்கினார். பிறகு, ஒளித்தால் இன்னும் மோசம் என்று லவினியாவிடம் நீட்டினார். அவள் முகம் மாறியது. "மாமா, நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டினனான்."

"வடிவாத்தான் எழுதியிருக்கிறன். எழுத்துக்கூட்டு."

அவள் ஒரு பக்கத்தைத் திறந்து, கண்ணிவெடி வயலில் நடப்பவள்போல ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்தாள். முதலில் தமிழில், பிறகு ஜெர்மனில்.

"'கோவால்கே… புதுத் தொப்பி. தலைக்குப் பெரிசு.'"

எதிரணிக்காரர் சிரித்தார்கள். கோவால்கே தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"'டெனிஸ் சாப்பிட்டிட்டு வந்திட்டான். ஓட்டத்தில தெரியுது.'"

"நான் சாப்பிடேல்ல! எண்டைக்கு?"

"'இண்டைக்கும் தோல்வி. ஆனால் போன கிழமையை விட வடிவான தோல்வி.'" அவள் சில பக்கங்களைத் தள்ளினாள். "மே பத்தொன்பது. 'டெனிஸ் கையில கறுப்புப் பட்டி கட்டியிருக்கிறான். ஆருக்கு என்னெண்டு தெரியேல்ல. கேக்கிறது சரியில்லை. ஆறு பந்து விட்டவன்.'" அவள் நிறுத்தி, அடுத்த வரியை மனதுக்குள் இருமுறை கூட்டிப் பார்த்தாள். "'கணக்கில சேர்க்கேல்ல.'"

ஜெர்மனில் சொல்லி முடித்ததும் டெனிஸ் தன் கையுறையை எடுத்து அதன் தையலை ஆராய்ந்தான். "அம்மா" என்றான். "அந்தக் கிழமைதான்."

ஞானசுந்தரம் எழும்பினார். செத்தவீட்டில் சொல்லும் வார்த்தைகளைத் தமிழிலேயே தேடவேண்டிய மனிதர் அவர், ஜெர்மனில் எங்கே போவது? திரும்ப இருந்துவிட்டார்.

ஆனால் கோவால்கே நியாயமான ஆள். நியாயமான ஆட்களிடம் எப்போதும் இன்னொரு கேள்வி இருக்கும். "சரி, உவர் ரசிகர் எண்டே வைப்பம். ஐயா, எந்த ரசிகன் ஆறு வருசம் வாயே திறக்காமல் இருப்பான்? ஒரு கைதட்டல்? ஒரு சத்தம்? நாங்கள் வெண்ட அண்டைக்குக் கூட நீங்கள் பேனையை மூடி வைச்சிட்டு எழும்பிப் போனனீங்கள்!"

ஞானசுந்தரத்துக்கு இது இரண்டாவது அதிர்ச்சி. "ஞாயிற்றுக்கிழமையல்லோ?" என்றார்.

"அதுக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாதல்லோ. வந்த முதல் வருசம் ஒரு ஞாயிறு முருகன் படம் கொழுவ ஒரேயொரு ஆணி அடிச்சனான். மேல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டவர். அதுக்குப் பிறகு நான் ஞாயிறில தும்முறதும் துவாய்க்குள்ளதான்."

இதுவரை குறுக்கிடாமல் நின்ற நடுவருக்கே வாய் பிளந்தது. "இது மைதானம்!" என்றார் அவர்.

"மைதானத்துக்கு விதி வேறையெண்டு எனக்கொருத்தரும் சொல்லேல்லயே."

மழை விட்டது. லவினியா படிவத்தையும் பேனையையும் கோவால்கேயிடம் நீட்டி, பிழையைத் திருத்தித் தரச் சொன்னாள். கோவால்கே பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "ஒண்டெண்டு எழுதலாம். ஆனால் நான் கையெழுத்து வைக்கிற கடதாசி. உவர் ரசிகர் எண்டதை நான் இன்னும் என்ர கண்ணால காணேல்ல." சொல்லிவிட்டு, எழுதாமலே வெளியே போனார்.

கடைசிச் சுற்று. ஞானசுந்தரம் தன் கதிரையில் இருக்கவில்லை. அது தன்னுடைய கதிரைதானா என்பதே இப்போது தெரியாது. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனால் இனி வர ஏலாது, நின்றால் என்னவாக நிற்பது என்ற கேள்வி நெஞ்சுக்குள் கிடந்து உருண்டது.

குதிரைகளில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இன்னும் ஒருவர் போனால் எல்லாம் முடிந்தது. இரண்டாம் முனையில் டெனிஸ் நின்றான். அவன் மூன்றாம் முனையைச் சுற்றி ஓடிவந்து, வலைக்கு முன்னால் கிடக்கும் வெள்ளைத் தட்டை மிதித்தால் ஒன்பதுக்கு ஒன்பது.

எறிந்த பந்தை மற்றப் பெடியனின் மட்டை பிடித்தது. நல்ல சத்தம், தேங்காய் சரிபாதியாக உடைகிற சத்தம். பந்து வலது பக்கத்து ஈரப்புல்லில் போய் விழுந்தது. டெனிஸ் ஓடத் தொடங்கினான். அந்த உடம்பு ஓடத் தொடங்கினால் நிலத்துக்கும் தெரியும். மூன்றாம் முனையைத் தாண்டி, நேரே ஞானசுந்தரத்தை நோக்கி வந்தான். பந்தும் வந்துகொண்டிருந்தது.

ஞானசுந்தரத்துக்குள் எதுவோ அறுந்தது.

"ஓடடா டெனிஸ்! ஓடு! ஓடடா ராசா! ஓடு!"

அது ஒரு மனிதனிலிருந்து வரக்கூடிய சத்தம் அல்ல. முப்பத்து மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளிக்கிட்டது. மரத்திலிருந்த புறாக்கள் கிளம்பின. சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர் இடுக்கியைத் தவறவிட்டார். டெனிஸ், ஆறு வருடமாக ஒரு சிலை இருந்த இடத்திலிருந்து தன் பெயர் இடிபோல விழுவதைக் கேட்டு, ஓடின காலை அப்படியே ஊன்றி நின்று, வலைப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தட்டுக்கு ஐந்து அடி தூரத்தில்.

எதிரணியின் பந்துபிடிப்பவன் பந்தை வாங்கினான். அவசரப்படாமல் இரண்டு அடி நடந்து வந்து, பந்திருந்த கையுறையால் டெனிஸின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினான். ஆட்டம் முடிந்தது.

ஞானசுந்தரத்தின் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. தன்னுடைய வாய்தானா இது என்று அவருக்குச் சந்தேகம். என்ன செய்துவிட்டேன். ஆறு வருடத்தில் ஒருமுறை கத்தினேன், அதுவும் ஆளைக் கொன்றுவிட்டேன்.

டெனிஸ் தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் அடித்தான். வலைக்கு வந்தான். வாயைத் திறந்தான். வந்தது முழுவதையும் இங்கே எழுத முடியாது. முதல் மூன்று நிமிடம் தூசணம் மட்டும். பிறகுதான் வசனம் தொடங்கியது.

"உனக்கு மண்டையில ஏதும் இருக்கோ? ஆறு வருசமா கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்திட்டு, நான் தட்டை மிதிக்கப் போற நேரம்தான் உயிர் வந்ததோ?" அவன் சொன்னது வேறு ஏதோ சிலை. ஞானசுந்தரத்துக்கு அப்படித்தான் விளங்கியது.

மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வாயெடுத்தார். ஜெர்மனில் மன்னிப்புக் கேட்க ஏழு விதம் அவருக்குப் பாடம். ஆனால் வந்தது தமிழ்.

"நான் ஓடெண்டல்லோ சொன்னனான்! நிக்கச் சொன்னனானே? ஓடுறவன் முன்னுக்குப் பாக்கவேணும். நீயேன்ரா திரும்பிப் பாத்தனீ, மொக்கா!"

"என்ர பேரைச் சொல்லிக் கத்தினால் பாக்காமல்?"

"பேரைச் சொல்லாமல் ஆரைக் கூப்பிடுறது, உன்ர கொப்பனையோ?"

இருவரும் வலையின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு மொழியில், மூக்கோடு மூக்கு முட்டக் கத்தினார்கள். கோவால்கே லவினியாவின் காதுக்குள் கேட்டார்: "உவர் என்ன சொல்லுறார்?"

"தன்னில பிழையில்லையாம்."

"டெனிஸும் அதைத்தான் சொல்லுறான்."

கோவால்கே இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு படிவத்தைத் தொடையில் வைத்து ஏதோ எழுதி, அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். என்ன எழுதினார் என்று ஞானசுந்தரம் பார்க்கவில்லை. அவருக்கு நேரமில்லை. இரண்டாவது சுற்றில் டெனிஸ் விட்ட பந்தைப் பற்றி இன்னும் சொல்லி முடியவில்லை.

டெனிஸுக்குத்தான் முதலில் தொண்டை கட்டியது. நிலத்திலிருந்த தலைக்கவசத்தை எடுத்து, மண்ணைத் தட்டினான்.

"அடுத்த ஞாயிறு ஹாகனில ஆட்டம்" என்றான் கரகரத்த குரலில். "எட்டு மணிக்கு இஞ்ச வந்து நில். என்ர வானிலதான் நீ வாறாய்."

வெளியூர் ஆட்டம் என்று ஒன்று இருப்பதை ஞானசுந்தரத்துக்கு ஒருவரும் சொன்னதில்லை. "நானோ?" என்றார். "என்னத்துக்கு?"

"என்னத்துக்கெண்டால்? எனக்கு இன்னும் எவ்வளவோ பேச இருக்கு. இண்டைக்கு நேரம் காணாது. ஹாகன் நாப்பது நிமிசம்."

"எனக்கும் இருக்கு" என்றார் ஞானசுந்தரம். "அந்த ஆறாம் சுற்றைப் பற்றி நான் இன்னும் தொடங்கவே இல்லை."